கேள்வி பதில்: அமெரிக்க அதிபர் யாரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பலாம்?

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘உலகத்திலேயே அதிகாரம் மிக்க மனிதர் என்கிறோம், ஆனால் ஒரு போஸ்ட் மாஸ்டரை நீக்கியதற்கு உச்ச நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது அமெரிக்க அதிபரின் அரசு.’ யார் அந்தப் போஸ்ட் மாஸ்டர் என்று ஆரம்பித்து, கடிதங்கள் எங்கெங்கோ போய்விட்டன. சரி, இந்தத் தடவை முழுக்க அமெரிக்காதான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் மன்னிக்கவும்.

டிரம்ப் தடியான பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஃபைலைத் திருப்பிக் கேமராவுக்குக் காட்டுகிறாரே, அது அன்றைக்கே சட்டமாகிவிடுமா? (தேனி வாசகர்)

ஆகாது. சட்டம் போடுவது காங்கிரஸ். (கட்சி இல்லை, அவர்களுடைய பாராளுமன்றத்துக்குப் பெயரே அதுதான்.) அவர் காட்டுவது நிர்வாக ஆணை, அதாவது தன் கீழ் வேலை செய்கிற துறைகளுக்கு மேலிடத்திலிருந்து போகிற உத்தரவு. அது செல்ல வேண்டுமென்றால் அதற்கு ஒரு வேர் வேண்டும். அரசியல் சட்டம் அதிபருக்கு நேரடியாகக் கொடுத்த அதிகாரமாக இருக்கலாம், அல்லது காங்கிரஸ் எப்போதோ போட்ட ஒரு சட்டத்தில் ‘இதை அதிபர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவைத்த இடமாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கையெழுத்துக்குப் போட்டோ மதிப்புதான்.

ஒரே ஆளை வைத்து இதைப் பார்க்கலாம். 1948-ல் அப்போதைய அதிபர் ட்ரூமன், ராணுவத்தில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் படைப்பிரிவு என்றிருந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணையைப் போட்டார். படைகளின் தலைமைத் தளபதி அவர்தான் என்று அரசியல் சட்டமே சொல்கிறது, அதனால் அது நின்றது. 1952-ல் கொரியப் போர் நடக்கும்போது இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யத் தயாரானார்கள். அதே ட்ரூமன், ஆலைகளை அரசே எடுத்து நடத்தட்டும் என்று இன்னொரு ஆணை போட்டார். இரண்டு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. அந்த ஒன்பது நீதிபதிகளுமே முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. ட்ரூமனிடம் அட்டர்னி ஜெனரலாக இருந்துவிட்டு அவராலேயே நீதிபதியானவரும் அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தார். முதன்மைத் தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக், மனசு கேட்காமலோ என்னவோ, அப்புறம் ட்ரூமனை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார்.

பைடனுக்கும் இதே கதை. கல்விக்கடன் தள்ளுபடிக்கு அவர் போட்ட சுமார் 40,000 கோடி டாலர் திட்டத்தை, காங்கிரஸ் கொடுக்காத அதிகாரம் என்று சொல்லி 2023-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. வேரோடு நிற்கிற ஆணைக்கும் ஆயுள் கெட்டி கிடையாது, அடுத்து வருகிறவர் பதவியேற்ற அன்று மாலையே ஒரு கையெழுத்தில் அதை அழித்துவிடலாம்.

இங்கே ஆட்சி மாறினால் மந்திரிதான் மாறுவார், துறைச் செயலாளர் ஐஏஎஸ் அதிகாரியாகவே இருப்பார். அங்கே எப்படி? (திண்டுக்கல் வாசகர்)

அங்கே செயலாளர், துணைச் செயலாளர், அவருக்கு அடுத்த உதவிச் செயலாளர் என்று மூன்று நான்கு அடுக்கு மொத்தமாகக் காலியாகும். நாம் மந்திரி என்று சொல்கிறவரைத்தான் அவர்கள் ‘செகரட்டரி’ என்கிறார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீருடைப் படையினரையும் தபால் துறையையும் கழித்துவிட்டால் ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு ஊழியர்கள் 20 லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். அதில் அதிபர் தன் ஆட்களை வைக்கக்கூடிய இடங்கள் சுமார் 4,000. அந்த நாலாயிரத்திலும் 1,200-க்கு மேற்பட்ட பதவிகளுக்கு காங்கிரஸின் மேலவையான செனட் சபை ஒப்புதல் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆவதால் பாதித் துறைகளில் ‘தற்காலிகப் பொறுப்பு’ என்ற பலகைதான் தொங்கும். எந்தெந்தப் பதவிகள் அதிபர் கையில் என்று ஒரு பட்டியலை அரசே வெளியிடும். வேலை தேடும் கட்சிக்காரர்களுக்கு அதுதான் பஞ்சாங்கம்.

மிச்சமிருப்பவர்கள் யார்? இறைச்சிக் கூடத்தைச் சோதிக்கிறவர், புயல் எச்சரிக்கை கொடுக்கிறவர், முன்னாள் படைவீரர் மருத்துவமனை நர்ஸ், விமானங்களுக்கு வழி சொல்கிறவர். பெரும்பாலோர் வாஷிங்டனில்கூட இல்லை.

டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் தம்பி கேட்கிறான்: அமெரிக்காவில் அரசு வேலைக்குப் பரீட்சை உண்டா? (மதுரை வாசகி)

உண்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் அந்தப் பரீட்சை வந்த கதை ஒரு துப்பாக்கிக் குண்டில் ஆரம்பிக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தேர்தலில் ஜெயித்த கட்சிக்குத்தான் எல்லா வேலையும். ஆண்ட்ரூ ஜாக்சன் 1829-ல் அதிபரானதிலிருந்து அது ஒரு கொள்கை மாதிரியே ஆகிவிட்டது. போஸ்ட் மாஸ்டர், சுங்க குமாஸ்தா, தூதரக அதிகாரி, எல்லாமே கட்சிக்கு உழைத்ததற்குக் கூலி. வேலை கிடைத்தவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும் என்ற வசூலும் உண்டு. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று சிரிக்காதீர்கள்.) புது அதிபர் வந்தால் வெள்ளை மாளிகை வாசலில் மனுவோடு வரிசை நிற்கும், அதிபர் தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தாக வேண்டும்.

1881-ல் கார்ஃபீல்டு அதிபரானபோது அந்த வரிசையில் சார்லஸ் கிட்டோ என்று ஒருவன் இருந்தான். தேர்தலுக்காக ஒரு பிரசங்கத்தை எழுதி அச்சடித்திருந்தான், அதனால்தான் கார்ஃபீல்டு ஜெயித்தார் என்பது அவன் நம்பிக்கை. பாரிஸில் அமெரிக்கத் தூதரகப் பதவி வேண்டும் என்று மாதக்கணக்கில் நச்சரித்தான். வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் கடைசியில், இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்காதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கிட்டோ அதிபரைச் சுட்டான். குண்டு உடனே கொல்லவில்லை. டாக்டர்கள் கழுவாத விரலாலும் கருவிகளாலும் குண்டைத் தேடித் தேடிக் காயத்தைச் சீழ் பிடிக்க வைத்தார்கள், செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார்.

துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் அதிபரானார். இவர் யார் தெரியுமா? நியூயார்க் துறைமுகச் சுங்கத்துக்குத் தலைவராக இருந்து, கட்சிக்காரர்களை வேலையில் திணித்த கும்பலில் வளர்ந்தவர், அதற்காகவே 1878-ல் முந்தைய அதிபர் ஒருவரால் பதவியிலிருந்து தூக்கப்பட்டவர். ஆனால் போட்டித் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும், சம்பளத்தில் கட்சி வசூல் கூடாது என்று சொல்லும் பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரியில் கையெழுத்துப் போட்டது அவர்தான். முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் அது பொருந்தியது. பிறகு வேடிக்கையான முறையில் அது வளர்ந்தது: பதவியை விட்டுப் போகிற ஒவ்வொரு அதிபரும், தான் வேலை கொடுத்த ஆட்களை அடுத்து வருகிறவர் துரத்தக் கூடாது என்பதற்காக அந்தப் பதவிகளையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள்.

யார் அந்தப் போஸ்ட் மாஸ்டர்? அதிபரால் ஒருவரை நீக்க முடியுமா முடியாதா, வழவழ கொழகொழ இல்லாமல் சொல்லவும். (விருதுநகர், நாகர்கோவில், புதுச்சேரி, இன்னும் பலர்)

வழவழ கொழகொழ என் குற்றமில்லை. நியமிப்பது எப்படி என்று அரசியல் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது: அதிபர் பெயர் சொல்வார், செனட் சம்மதிக்கும். நீக்குவது எப்படி என்று, பதவிப் பறிப்பு விசாரணையைத் தவிர, ஒரு வார்த்தை இல்லை. 1789-ல் முதல் காங்கிரஸிலேயே இதற்கு நாள்கணக்கில் விவாதம் நடந்தது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் தீரவில்லை.

1867-ல் ‘செனட்டைக் கேட்காமல் நீக்கக் கூடாது’ என்று காங்கிரஸ் சட்டமே போட்டது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை மதிக்காமல் போர்த்துறை அமைச்சர் ஸ்டாண்டனை நீக்கினார். ஸ்டாண்டன் ஆபீஸ் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே வாரக்கணக்கில் குடியிருந்தார். ஜான்சன் மீது பதவிப் பறிப்பு விசாரணை வந்தது, 1868-ல் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார்.

போஸ்ட் மாஸ்டர் பெயர் ஃபிராங்க் மையர்ஸ், ஆரகன் மாநிலத்துப் போர்ட்லாண்டுக்காரர். 1920-ல் அதிபர் வில்சன் அரசு அவரை நீக்கியது, செனட்டைக் கேட்கவில்லை. மிச்சக் காலச் சம்பளத்தைக் கொடு என்று அவர் வழக்குப் போட்டார், வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார், மனைவி தொடர்ந்து நடத்தினார். 1926-ல் தீர்ப்பு: நிர்வாக அதிகாரிகளை நீக்குவது அதிபரின் உரிமை, செனட் குறுக்கே வரக் கூடாது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட், தானே முன்னாள் அதிபர். பிறகு எப்படி எழுதுவார்?

அடுத்து ஹம்ஃப்ரி. வர்த்தகப் போட்டியைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் உறுப்பினர். உங்கள் மனசும் என் மனசும் ஒத்துப்போகாது என்று 1933-ல் ரூஸ்வெல்ட் நாசூக்காகக் கடிதம் எழுதினார், ஹம்ஃப்ரி அசையவில்லை, நீக்கினார். சில மாதங்களில் அவரும் இறந்தார், அவர் சொத்தை நிர்வகித்தவர் சம்பளப் பாக்கி கேட்டு வழக்குப் போட்டார். 1935-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள்: இது மாதிரிக் கமிஷன்கள் அதிபரின் வேலைக்காரர்கள் இல்லை, தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஆக, அதிபரின் நீக்கும் அதிகாரத்தைத் தீர்மானித்த இரண்டு பெரிய வழக்குகளிலும் நீக்கப்பட்டவர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

இன்றைய நிலவரம், மையர்ஸ் வழக்கின் தீர்ப்புப் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. 2020-ல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் தலைவரை அதிபர் இஷ்டப்படி நீக்கலாம் என்றது நீதிமன்றம். 2025-ல் டிரம்ப், தொழிலாளர் உறவு வாரியத்தின் உறுப்பினர் ஒருவரையும், அரசு ஊழியர் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர் ஒருவரையும் நீக்கினார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்கள் வெளியிலேயே இருக்கட்டும் என்று மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. இரண்டாவது வாரியத்தின் வேலை என்ன தெரியுமா? அநியாயமாக வேலை போய்விட்டது என்று வரும் அரசு ஊழியர்களின் முறையீட்டைக் கேட்பது! அதே உத்தரவில், மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மட்டும் வேறு ஜாதி என்று நீதிபதிகள் தனியாக ஒரு கோடு போட்டார்கள். சட்டக் காரணம் சொன்னார்கள். வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கிறவர் நாற்காலி ஆடினால் பங்குச் சந்தை என்ன ஆகும் என்ற பயமும் அதில் உண்டு என்பது என் ஊகம்.

மகன் எச்-1பி, மருமகள் எச்-4 விசாவில் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறாள். டிவியில் ஒவ்வொரு செய்தி வரும்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியுமா? (சென்னை, ஆலந்தூரிலிருந்து ஒரு தாய்)

அம்மா, சிலதை முடியும், சிலதை முடியாது, எது எது என்று தெரிந்துகொண்டால் கொஞ்சமாவது தூங்கலாம்.

எச்-1பி ஊழியர்களின் எச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்பது 2015-ல் வந்த ஒரு விதி. விதியை எடுக்க வேண்டும் என்றால் 1946-ல் போட்ட நடைமுறைச் சட்டப்படி வரைவை அரசிதழில் வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டு, வந்த கருத்துக்குப் பதில் சொல்லி, காரணம் காட்டித்தான் எடுக்க வேண்டும். 2017-ல் டிரம்ப் அரசு இதை நீக்கப்போகிறோம் என்று அறிவித்தது. 2019-ல் வரைவு பட்ஜெட் அலுவலகப் பரிசீலனை வரை போனது. அங்கேயே கிடந்தது. நான்கு வருடம் முடிந்து ஆட்சியே போய்விட்டது, 2021 ஜனவரியில் பைடன் அரசு அந்த வரைவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த விதியை எதிர்த்துப் போட்ட வழக்கையும் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்துவிட்டது.

ராத்திரியோடு ராத்திரியாக வருவது வேறு வகை. நாட்டுக்குள் வருவதை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை 1952-ம் வருடக் குடியேற்றச் சட்டம் அதிபருக்குக் கொடுத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் என்று அறிவித்தது அதை வைத்துத்தான். கிரீன் கார்டு எண்ணிக்கை வரம்பை மட்டும் அவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. வேலை அடிப்படையில் வருடத்துக்கு 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்பது காங்கிரஸ் போட்ட சட்டம். வரிசை நீள்வதற்கு அதிபரைத் திட்டுவது, மழை பெய்யாததற்குப் பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டுகிற மாதிரி.

மருமகளிடம் ஒன்று சொல்லுங்கள். வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மனு போட்டாலே பழைய அட்டை தானாக நீளும் என்றிருந்த சலுகையை 2025 அக்டோபர் கடைசியில் எடுத்துவிட்டார்கள். அவசரம் என்று காரணம் சொல்லி, கருத்துக் கேட்கக் காத்திருக்காமல் அமலுக்குக் கொண்டுவந்த விதி அது. அதனால் மனுவை எவ்வளவு முன்னால் போட முடியுமோ அவ்வளவு முன்னால் போடச் சொல்லுங்கள்.

பணம் யார் கையில்? (ஈரோடு வாசகர்)

ஈரோட்டுக்காரர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். கஜானா சாவி காங்கிரஸிடம். அவர்கள் ஒதுக்காமல் ஒரு டாலர் எடுக்க முடியாது. ஒதுக்காவிட்டால் அலுவலகங்களை மூடுவார்கள், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் மூடியதுதான் அதுவரை நடந்ததில் நீண்டது. ஆனால் ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவு செய்யாமல் இருக்கலாமா? நிக்சன் அப்படித்தான் தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பணத்தைப் பிடித்து வைத்தார். கோபம் வந்து காங்கிரஸ் 1974-ல் சட்டம் போட்டது: வேண்டாம் என்றால் எங்களிடம் சொல், 45 நாளுக்குள் நாங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் செலவு செய்தாக வேண்டும். அதிலும் ஓட்டை இருக்கிறது. அவர்கள் நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. 2025-ல் டிரம்ப் அரசு ஆகஸ்ட் கடைசியில் ‘இந்த வெளிநாட்டு உதவிப் பணம் வேண்டாம்’ என்று கடிதம் அனுப்பியது. 45 நாள் முடிவதற்குள் ஆண்டு முடிந்துவிடும், பணமும் காலாவதியாகும்! சுமார் 400 கோடி டாலரை அப்படி நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றமும் இடைக்காலமாக அனுமதித்தது. மார்ச் மாதம் கடைசி வாரத்தில் பில் பாஸ் பண்ண அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

கொலைக் குற்றவாளியைக்கூட அதிபர் மன்னித்து விடுவிக்கலாமாமே? (கரூர் வாசகர்)

ஃபெடரல் சட்டப்படியான குற்றம் என்றால் முடியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாநிலச் சட்டப்படி தண்டனை என்றால் அவர் கை எட்டாது. சாதாரணக் கொலை வழக்குகள் பெரும்பாலும் மாநிலங்களுடையவை. குற்றம் சாட்டப்படும் முன்பே மன்னிக்கலாம், 1974-ல் அதிபர் ஃபோர்டு, முந்தைய அதிபர் நிக்சனுக்கு அப்படித்தான் செய்தார்.

‘டீப் ஸ்டேட்’ என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? (சேலம் வாசகர்)

ரகசிய அறையில் கூடிப் பேசி, அதிபரை மீறி அரசை ஆட்டிவைக்கும் கும்பல் என்று கேட்டால், எனக்கு நம்பிக்கையில்லை. மேலிருந்து வந்த உத்தரவைப் படித்துவிட்டு ‘சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும்’ என்று குறிப்பு எழுதி நகர்த்தி வைக்கும் அதிகாரி என்று கேட்டால், ஏராளம். ராணுவத் தளபதியாக இருந்த ஐசனோவர் அதிபராகப் போகிறார் என்றதும் ட்ரூமன் பரிதாபப்பட்டாராம்: பாவம், இதைச் செய் அதைச் செய் என்பார், ஒன்றும் நடக்காது, இது ராணுவம் மாதிரி இல்லையே என்று.

நான் ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியன். எங்களுக்கு அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு இருந்தது, விசாரணை இல்லாமல் கைவைக்க முடியாது. அங்கே? (தஞ்சாவூர் வாசகர்)

ஐயா, அங்கே அந்தப் பாதுகாப்பு அரசியல் சட்டத்தில் இல்லை, சாதாரணச் சட்டங்களில் இருக்கிறது. வித்தியாசம் அதுதான். அதனால்தான் 2020 அக்டோபரில் டிரம்ப், கொள்கை முடிவுகளில் கைவைக்கும் ஊழியர்களைத் தனி அட்டவணைக்கு மாற்றி எளிதாக நீக்கலாம் என்று ஒரே ஆணையில் சொல்ல முடிந்தது. ‘ஷெட்யூல் எஃப்’ என்று பெயர். பைடன் வந்த வாரமே ரத்து செய்தார். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப் திரும்பக் கொண்டுவந்தார். சுமார் 50,000 பேருக்குப் பொருந்தும் என்று மதிப்பிட்டார்கள். ஆதரவாளர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: ஓட்டு வாங்கி வந்தவன் சொல்வதை ஓட்டே வாங்காதவன் தடுக்கலாமா? ஆனால் கிட்டோ நின்ற வரிசையை நினைத்தால் எனக்கு எதிர்ப்பக்கம்தான் மனசு சாய்கிறது.

எல்லாரையும் நீக்குகிற அதிபரை யார் நீக்குவது? அப்படி நீக்கினால் எங்கள் பக்கத்து ஊர் வம்சாவளிப் பெண்ணுக்கு வாய்ப்பு வந்திருக்குமா? (மன்னார்குடி வாசகர்)

முன்னாள் துணை அதிபர் கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தை விட மாட்டீர்களே! காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஜான்சன், கிளிண்டன், டிரம்ப் இரண்டு தடவை என்று இதுவரை நான்கு விசாரணை, ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை. நிக்சன் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

வாய்ப்பு மட்டும் வந்தது. 2021 நவம்பர் 19 அன்று குடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்போவதால், பைடன் கடிதம் எழுதித் தன் அதிகாரத்தைக் கமலா ஹாரிஸிடம் ஒப்படைத்தார். 85 நிமிடம். ஆணைகள், படைகள், அணுகுண்டு, 20 லட்சம் ஊழியர்கள், எல்லாம் அவர் பொறுப்பில். வெள்ளை மாளிகையில் தன் வழக்கமான அறையில் உட்கார்ந்து வழக்கமான வேலையைப் பார்த்தார். யாரையும் வீட்டுக்கு அனுப்பியதாகத் தகவல் இல்லை.